கீரியும் மானும்

"இந்த மாதம் எந்த நாவலைப் பற்றி எழுதப் போகிறீர்கள்?" என்று பத்திரிகைக்காரச் சிநேகிதர் கேட்டார். நாவல் இல்லை, கம்ப்யூட்டரில் கோளாறு கண்டால் அதை எப்படி எழுதித் தெரிவிப்பது என்று ஓர் ஆங்கிலேயர் எழுதியிருக்கும் கட்டுரையைப் பற்றி என்றேன். சிநேகிதர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "உடம்பு சௌகரியந்தானே?" என்றார்.

உடம்பு சௌகரியந்தான். ஆனால் அந்தக் கட்டுரையை நான் வேறு எந்த நல்ல வசனத்தையும் படிப்பது போலத்தான் படித்தேன். நடந்ததை நடந்தபடி சொல்வது எப்படி என்று இத்தனை தெளிவாக எழுதியவர்கள் கதைக்காரர்களில் குறைவு. கதை எழுதுவது எப்படி என்று நம்மிடையே எத்தனையோ புத்தகங்கள் வந்திருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை உருவம், உத்தி, பாத்திர சிருஷ்டி என்று பேசுகின்றனவே தவிர, ஒருவன் தான் கண்டதையும் தான் ஊகித்ததையும் வேறுபடுத்திக் காட்ட வேண்டும் என்ற அடிப்படைக்கு வருவதே இல்லை. டேத்தம் அதிலேதான் ஆரம்பிக்கிறார்.

ஸைமன் டேத்தம் புரோகிராம் எழுதுகிறவர். ஒரு கம்ப்யூட்டரில் உட்கார்ந்துகொண்டு தொலைவில் இருக்கும் இன்னொன்றை இயக்குவதற்கு 'புட்டி' என்ற ஒன்றை எழுதி உலகத்துக்கு இலவசமாகக் கொடுத்தவர். (பெயரை நம் ஊரில் உரக்கச் சொன்னால் வேறு அர்த்தம் வந்துவிடும்.) இலவசமாகக் கொடுத்தாலும் புகார் வராமல் இருக்குமா? அப்படி வந்தவற்றைப் படித்த அநுபவத்தில் 1999ல், கோளாறுகளைத் திறம்படத் தெரிவிப்பது எப்படி என்ற கட்டுரையை இணையத்தில் வெளியிட்டார். எழுதியவர் புரோகிராம்காரர் என்றாலும், கட்டுரை புகார் எழுதுகிறவனுடைய பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு பேசுகிறது.

அதை நான் படிக்க நேர்ந்தது ஒரு நஷ்டத்தினால். ஊருக்கும் பட்டணத்துக்குமாக அலைகிறவன் ஆதலால், நாவல் இருக்கும் மடிக் கம்ப்யூட்டரை ரயிலில் யாராவது எடுத்துக்கொண்டு போய்விட்டால் என்ன செய்வது என்று அக்காள் பிள்ளை ஒரு பூட்டுப் புரோகிராமைப் போட்டுக் கொடுத்திருந்தான். என்கிரிப்ஷன் என்று அதற்குப் பெயர். ஃபைலில் உள்ள எழுத்துக்களையெல்லாம் ஒரு சாவியைக் கொண்டு கலைத்துப் போட்டு, நாம் கேட்கும்போது மட்டும் ஒழுங்குபடுத்திக் கொடுக்கும். ஒரு வருஷ காலம் அது இருப்பதே தெரியாமல் இருந்தது. பிறகு, வைரஸ் வராமலிருக்க வேறு ஒரு காவல் புரோகிராமை நானே போட்டுக்கொண்டேன். மறுநாள் காலை பத்தாவது அத்தியாயத்தைத் திறந்தால் பக்கம் முழுவதும் கட்டம் கட்டமாகவும் புள்ளி புள்ளியாகவும் ஏதோ கிறுக்கல். பதினொன்று, பன்னிரண்டு, பதினான்கு வரை எல்லாம் அப்படியே. முதல் ஒன்பதும் அப்படித்தான், ஆனால் அவற்றை அச்செடுத்து வைத்திருந்தேன்.

நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. முதலில் புதிய காவலை நீக்கினேன். சரியாகிவிட்டதா என்று பார்க்கக்கூடப் பொறுக்காமல் பூட்டுப் புரோகிராமையும் நீக்கினேன். நீக்கும்போது அது ஏதோ கேட்டது, 'சரி' என்று அழுத்தினேன். மறுபடி அதையே புதிதாகப் போட்டேன். புதிய சங்கேதச் சொல் ஒன்றைக் கொடுக்கும்படி கேட்டது. மகிழ்ச்சியோடு கொடுத்தேன். அப்போதும் கிறுக்கல்தான். இவ்வளவும் செய்துவிட்டு, இத்தகைய விஷயங்களில் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்கு உதவுகிற ஓரிடத்தில் ஒரு கடிதம் எழுதிப் போட்டேன்.

அந்தக் கடிதத்தை இப்போது எடுத்துப் பார்க்கிறேன். அச்சில் மூன்று பக்கம் வரும். இரண்டு பாராக்கள் நாவல் எத்தனை முக்கியமானது என்பதைப் பற்றி. ஒரு பாரா என் மனநிலையைப் பற்றி. நாலாவது பாராவில், இரண்டு புரோகிராம்களும் ஒன்றை ஒன்று சகிக்காமல் சண்டையிட்டு என் ஃபைல்களை நாசம் செய்துவிட்டன என்று தீர்ப்பே எழுதியிருக்கிறேன். திரையில் என்ன வாசகம் வந்தது, நான் எதை அழுத்தினேன், எது முன் எது பின் என்பதில் ஒன்றுகூட இல்லை. இருபது வருஷமாகக் கதை எழுதுகிறவன் எழுதிய கடிதம் அது.

முகம் தெரியாத ஒருவரிடமிருந்து நாலைந்து வரியில் பதில் வந்தது. கோளாறு தெரிவதற்கு முன் என்ன மாற்றினீர்கள்? திரையில் என்ன கண்டீர்கள்? அதன் பிறகு என்னென்ன செய்தீர்கள், எந்த வரிசையில்? இந்தக் கேள்விகளோடு டேத்தத்தின் கட்டுரையைப் படிக்கும்படி ஒரு குறிப்பு. எனக்குக் கோபம் வந்தது. வீடு தீப்பற்றி எரியும்போது இலக்கணப் புத்தகம் கொடுப்பது போல இருந்தது. ஆனாலும் படித்தேன்.

டேத்தத்தின் முதல் விதி, கோளாறைச் செய்தவன் தன் கண்ணாலேயே பார்க்கும்படி செய் என்பது. பக்கத்தில் இருந்தால் உட்கார்ந்து காட்டு. தொலைவில் இருந்தால், நீ செய்ததை அவனும் செய்து பார்த்து, உனக்குத் தெரிந்தது அவனுக்கும் தெரியும்படி எழுது. நீ செய்ததை எழுது, வருமென்று நினைத்ததை எழுது, வந்ததை எழுது. காரணத்தை ஊகித்தாயானால் அதையும் தாராளமாக எழுதலாம், ஆனால் கண்டதற்குப் பதிலாக அதை எழுதாதே. இந்த இடத்தில் வைத்தியர் உதாரணத்தைச் சொல்கிறார். வைத்தியரிடம் போகிறவன் தனக்கு இன்ன மருந்து வேண்டும் என்று கேட்பதில்லை, உடம்புக்கு என்ன செய்கிறது என்றுதான் சொல்கிறான், கம்ப்யூட்டர் விஷயத்தில் மட்டும் இந்தப் புத்தி எங்கே போய்விடுகிறது என்பது அவர் வாதம்.

இதில் மட்டும் அவரோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. அவர் ஊர் நோயாளிகளை அவர் அறிவார். நம் ஊரில் வைத்தியரிடம் போய், "சூடு பிடித்துக்கொண்டது" என்கிறோம். "பித்தம் தலைக்கேறிவிட்டது" என்கிறோம். விலாவில் வலித்தால் வாயு. நம் பாஷையே கண்டதைச் சொல்வதற்கு முன் காரணத்தைச் சொல்லிவிடுகிறது. நல்ல வைத்தியர் இதைக் கேட்டுக்கொண்டு, "சரி அம்மா, எங்கே வலிக்கிறது?" என்று ஆரம்பத்திலிருந்து தொடங்குகிறார். என் கடிதத்தின் நாலாவது பாரா இந்தப் பரம்பரையில் வந்ததுதான்.

பிரதிப்பெயரைப் பற்றி அவர் சொல்வது நமக்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும். ஒரு புரோகிராமைத் திறந்தேன், அது ஓர் எச்சரிக்கையைக் காட்டியது, அதை மூடப் பார்த்தேன், அது விழுந்துவிட்டது என்று ஒருவன் எழுதினால் கடைசி இரண்டிலும் 'அது' எது என்று கேட்கிறார். ஆங்கிலத்தில் 'அது' என்று ஒரு சொல்லாவது நிற்கிறது. தமிழில் அதையும் விட்டுவிடலாம். "திறந்தேன், வந்தது, மூடினேன், போய்விட்டது" என்பது நமக்கு முழு வாக்கியம். எது வந்தது, எது போயிற்று என்பதைக் கேட்பவன் தன் கற்பனையில் நிரப்பிக்கொள்ள வேண்டும். கதையில் இந்தச் சுருக்கம் ஓர் அழகு. நானே எத்தனையோ இடத்தில் அதை நம்பிக் காலம் தள்ளியிருக்கிறேன். புகாரில் அது பொய்க்குச் சமானம்.

கட்டுரையின் சிகரம் ஒரு பெண்ணைப் பற்றிய சிறு சம்பவம். டேத்தத்தின் பள்ளிச் சிநேகிதி ஒருத்தி தன் ஃபைல்களையெல்லாம் தவறுதலாக அழித்துவிட்டாள். யாரையும் கேட்பதற்கு முன், எழுதும் புரோகிராமை மறுபடி போட்டுப் பார்த்தாள். பிறகு டிஸ்க்கை ஒழுங்குபடுத்தும் புரோகிராமை ஓட்டினாள். ஒன்றும் செய்யாமல் விட்டிருந்தால் மீட்கக்கூடியவை, இந்த இரண்டு சிகிச்சைகளாலும் மீட்க முடியாமல் போயின. மூலையில் மாட்டிக்கொண்ட கீரி இப்படித்தான் கண்மண் தெரியாமல் பாயும் என்கிறார் டேத்தம். கீரியாக இராதே, மானாக இரு. எதிர்பாராத ஒன்றைக் கண்டால் மான் அப்படியே அசையாமல் நிற்கிறது, யோசிக்கிறது, அபாயமில்லாத வழி எது என்று தீர்மானித்த பிறகே காலை எடுத்து வைக்கிறது.

இதைப் படித்தபோது எனக்கு அந்த ஆங்கிலக் கீரி மறந்துபோய் நம் ஊர்க் கீரிப்பிள்ளை நினைவுக்கு வந்தது. பஞ்சதந்திரக் கதை, நம் பாட்டிமார் எல்லாரும் சொன்னது. தொட்டிலில் குழந்தையை விட்டு, காவலுக்கு வளர்த்த கீரிப்பிள்ளையை வைத்துவிட்டுத் தண்ணீருக்குப் போகிறாள் தாய். பாம்பு வருகிறது, கீரி அதைக் கொல்கிறது. வாயெல்லாம் ரத்தத்தோடு வாசலுக்கு ஓடி வருகிற கீரியைக் கண்டதும் குடத்தை அதன் தலையில் போடுகிறாள். உள்ளே குழந்தை சௌக்கியமாகத் தூங்கிக்கொண்டிருக்கிறது.

நம் கதையில் அவசரப்பட்டது கீரி அல்ல, தாய். அவள் கண்டது ரத்தம் மட்டும். குழந்தை இறந்துவிட்டது என்பது அவள் ஊகம். கண்டதற்கும் ஊகித்ததற்கும் நடுவே பத்தடி தூரத்தில் ஒரு தொட்டில் இருந்தது. இதை அவசரபுத்தி கூடாது என்பதற்கான நீதிக்கதையாக மட்டும் சொல்லிக் குழந்தைகளைத் தூங்க வைத்துவிட்டோம். டேத்தம் இந்தக் கதையைக் கேட்டிருந்தால் சிநேகிதியின் சம்பவத்தை விட்டுவிட்டு இதையே எழுதியிருப்பார் என்பது என் அபிப்பிராயம்.

ஏன் இத்தனை நிச்சயமாகச் சொல்கிறேன் என்றால், என் விஷயத்திலும் குழந்தை சாகவில்லை. மறுபடியும், இந்தத் தடவை பதினைந்து வரியில், நடந்ததை வரிசையாக எழுதியனுப்பினேன். அந்த மனிதர் பொறுமையாக விளக்கினார். விண்டோஸில் நாம் ஒரு ஃபைலைத் திற என்றால் அந்த உத்தரவு நேரே டிஸ்க்குக்குப் போவதில்லை. வழியில் டிரைவர் என்ற பெயரில் பல காவலர்கள் மேலும் கீழுமாக நிற்கிறார்கள். யார் எங்கே நிற்பது என்பதற்கு மைக்ரோஸாப்ட் ஒவ்வொருவருக்கும் உயரம் என்று ஓர் எண் வழங்குகிறது. வைரஸ் பார்ப்பவர்களுக்கு 320000 முதல் 329998 வரை. எழுத்தைக் கலைத்துப் பூட்டுகிறவர்களுக்கு 140000 முதல் 149999 வரை. எண் குறையக் குறைய டிஸ்க்குக்குக் கிட்டே. ஆகவே ஃபைல் கீழேயிருந்து வரும்போது பூட்டுக்காரர் முதலில் எழுத்தை ஒழுங்குபடுத்தி மேலே அனுப்ப வேண்டும், வைரஸ்காரர் அதை வாசித்துப் பார்த்துவிட்டு நம்மிடம் விட வேண்டும். ஒழுங்கான ஏற்பாடுதான்.

ஆனால் சில பூட்டுக்காரர்கள், தமக்குத் தெரிந்த புரோகிராம் கேட்டால்தான் ஒழுங்குபடுத்திக் கொடுப்பார்கள். தெரியாத ஆள் கேட்டால் கலைந்ததை அப்படியே கொடுத்துவிடுவார்கள். அது தப்பில்லை, திருடனுக்கு அதைத்தான் கொடுக்க வேண்டும். சங்கடம் எங்கே என்றால், ஒரு தடவை வாசித்த ஃபைலின் பிரதி ஒன்றை விண்டோஸ் சௌகரியத்துக்காக நினைவில் வைத்துக்கொள்கிறது. புதிதாக வந்த காவலைப் பூட்டுக்காரர் அந்நியன் என்று நினைத்துக் கலைந்த பிரதியைக் கொடுத்திருந்தால், பின்னால் சொந்தக்காரன் வந்து கேட்கும்போதும் அதே கலைந்த பிரதி அவன் கைக்கு வரக்கூடும். என் வீட்டில் அப்படித்தான் நடந்திருக்க வேண்டும் என்றார். டிஸ்க்கில் இருந்த ஃபைல்களுக்கு ஒரு சேதமும் இல்லை. புதிய காவலை நீக்கி, கம்ப்யூட்டரை ஒரு தடவை நிறுத்தித் திறந்திருந்தால் போதும். எந்தக் காவலர் எந்த உயரத்தில் நிற்கிறார் என்று பட்டியல் காட்டுவதற்கு 'எஃப்.எல்.டி.எம்.சி.' என்று ஒரு கட்டளைகூட இருக்கிறது. அதை அடித்து அனுப்பச் சொல்லியிருப்பேன் என்றார். நான்தான் அதற்குள் எல்லாக் காவலர்களையும் வேலையை விட்டு அனுப்பியிருந்தேனே. பூட்டை நீக்கியபோது சாவியும் போயிற்று. புதிய சங்கேதச் சொல்லில் பிறந்தது வேறு சாவி. பழைய சாவிக்கு நகல் எடுத்து வைத்துக்கொள்ளும்படி முதல் நாளே அந்தப் புரோகிராம் சொல்லியிருக்கிறது, அதற்கும் 'சரி' என்று அழுத்தியிருக்கிறேன்.

இனி, இதே விஷயத்தில் பெயர்பெற்ற இன்னொரு கட்டுரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். எரிக் ரேமண்ட், ரிக் மோயன் என்ற இரண்டு அமெரிக்கர்கள், சாமர்த்தியமாகக் கேள்வி கேட்பது எப்படி என்று 2001ல் எழுதியது. டேத்தத்துடையதைவிட நீளம், புகழும் அதிகம். எத்தனையோ பேர் தங்கள் இடத்துக்கு வருகிறவர்களை அதைப் படித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பினார்கள். அதன் விளைவு வேடிக்கையானது. படித்தவர்களில் பலர் தங்கள் சந்தேகங்களை ரேமண்டுக்கே எழுதிக் கேட்க ஆரம்பித்தார்கள். நாங்கள் உங்களுக்கு உதவி செய்யும் இலாகா அல்ல என்று கட்டுரையின் வாசலிலேயே பலகை மாட்ட வேண்டியதாயிற்று.

அதில் சொல்லப்படும் புத்திமதிகள் சரியானவை. ஊகத்தைச் சொல்லாதே, கண்டதைச் சொல். நடந்த வரிசையில் சொல். நீ ஏறியிருக்கும் படியைப் பற்றி மட்டும் கேட்காமல், எந்த மாடிக்குப் போகிறாய் என்பதையும் சொல். முகஸ்துதி செய்யாதே, அதற்குப் பதில் நீயாகத் தேடிப் பார்த்ததைச் சொல். தீர்ந்த பிறகு எப்படித் தீர்ந்தது என்று எழுதிப் போடு. கடைசியில், பதில் சொல்பவர்களும் கனிவாக இருக்க வேண்டும் என்று ஒரு பகுதி இருக்கிறது. எல்லாம் உண்டு. ஆனால் குரல் சரியில்லை. வாத்தியார் பிரம்பை மேஜைமேல் வைத்துவிட்டுப் பாடம் நடத்துவது போல இருக்கிறது. யோசிக்க மறுக்கிறவர்களுக்கு ஒரு வசைப்பெயர் வைத்து, அதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். அதைப் படிக்கிறவன், தான் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தவனோ என்ற பயத்திலேயே பாதிக் கவனத்தை இழந்துவிடுகிறான். ஏற்கெனவே கைநடுங்கிக்கொண்டிருக்கிற ஆசாமிக்கு இது மருந்தாகாது. டேத்தமும் கிண்டல் செய்கிறார், ஆனால் அவர் கிண்டல் செய்வது செய்கையை.

சம்பளமில்லாமல் உதவுகிறவர்களுக்குக் கோபம் வரக்கூடாதா என்று கேட்கலாம். வரலாம். என் மூன்று பக்கக் கடிதத்துக்கு எனக்கே இப்போது வருகிறது. ஆனால் கோபத்தில் எழுதியதை இருபது வருஷத்துக்கு மேலாகப் புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருப்பது வேறு விஷயம்.

பெரிய இடங்களிலும் இந்தக் கலை எத்தனை தேவை என்பதற்கு 2024 ஜூலை 19ஆம் தேதி ஒன்று போதும். கிரௌட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்புக் கம்பெனி தன் காவல் டிரைவருக்கு ஒரு சிறு குறிப்பு ஃபைலை அனுப்பியது. 78 நிமிஷத்தில் திருத்தி அனுப்பிவிட்டார்கள். அதற்குள் உலகமெங்கும் சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையோடு நின்றுவிட்டன என்பது மைக்ரோஸாப்டின் கணக்கு. விமானங்கள் நின்றன, ஆஸ்பத்திரிகள் திண்டாடின. அந்த ஒரு ஃபைலை அழித்தால் போதும், ஆனால் டிஸ்க் பூட்டியிருந்த இடங்களில் ஃபைலை எட்டுவதற்கே 48 இலக்கச் சாவி எண்ணை அடிக்க வேண்டியிருந்தது. காவல்காரன் மயங்கி வாசலில் விழுந்துவிட்டான், உள்ளே போகப் பூட்டுக்காரன் விடவில்லை.

நான் இங்கே சொல்ல வந்தது அந்தக் கம்பெனி ஆகஸ்டில் வெளியிட்ட விளக்கத்தைப் பற்றி. டேத்தம் விரும்பக்கூடிய கதை அது. குறிப்பின் அமைப்பில் 21 விஷயங்கள் என்று இருந்தது, டிரைவருக்குப் போய்ச் சேர்ந்தவை 20தான். அதுவரை வந்த குறிப்புகளெல்லாம் இருபத்தோராவது இடத்தில் எதுவானாலும் சரி என்று விட்டிருந்ததால் ஒருவருக்கும் தெரியவில்லை. அன்றைக்கு வந்த குறிப்பு முதல் தடவையாக இருபத்தோராவதைப் பார் என்றது. இல்லாததைப் பார்க்கப் போன டிரைவர் விழுந்தது, தன்னோடு கம்ப்யூட்டரையும் இழுத்துக்கொண்டு. எது முன், எது பின், எது எதனால் என்று தெரிகிறது. அத்தனை பேருக்குக் கஷ்டம் கொடுத்தவர்களின் விளக்கத்தைப் புகழ்வது முறையா என்று தெரியவில்லை. வசனத்தை மட்டும் சொல்கிறேன்.

டேத்தத்தின் கட்டுரையில் எனக்குக் குறையாகப்படுவது ஒன்றுதான். புகார் எழுதுகிறவன் எதை இழந்தான் என்பதற்கு அதில் இடமில்லை. கோளாறைத் திருத்த அது தேவையில்லை, வாஸ்தவம். ஆனால் எனக்குப் பதில் எழுதிய மனிதர், சாவி போனது போனதுதான் என்று சொல்லிவிட்டு, நான் கேளாமலே கடைசியாக ஒன்று கேட்டார். அந்த அத்தியாயங்களில் எதையாவது எப்போதாவது யாருக்காவது அனுப்பியிருக்கிறீர்களா? என் முதல் கடிதத்தின் அந்த வேண்டாத இரண்டு பாராக்களையும் அவர் படித்திருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது.

அனுப்பியிருந்தேன். பதினோராவது அத்தியாயத்தை, அபிப்பிராயம் கேட்டு, பத்திரிகைக்காரச் சிநேகிதருக்கு அனுப்பி எட்டு மாதம் ஆகியிருந்தது. டெலிபோன் செய்தேன். "இருக்கிறது ஸார், பத்திரமாக இருக்கிறது. இன்னும் திறந்துகூடப் பார்க்கவில்லை" என்றார்.